விஷத்தை உணவாக்கிக்கொண்ட கிருமிகள்

கழிவுநீரின் வரலாறு: 9

சென்ற அத்தியாயத்தில், 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பொறுக்கமாட்டாமல், சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்த திரைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பிரிட்டிஷ் பார்லிமெண்டு அலுவல் நடத்த நேர்ந்த விபரீதத்தையும், அதன் பயனாக ஜோசப் பாஸல்ஜெட் என்னும் எஞ்சினீயர் லண்டனின் அடியில் பிரம்மாண்டமான பாதாளச் சாக்கடைகளைக் கட்டி, நகரத்தின் அழுக்கையெல்லாம் கிழக்கே கொண்டுபோய் அதே நதியில் விட்ட வரலாற்றையும் கண்டோம். அந்த ஏற்பாட்டினால் லண்டன்வாசிகள் காலராவின் பிடியிலிருந்து தப்பினார்கள் என்பது மெய். ஆயினும் அழுக்கு இடம் மாறிற்றே ஒழிய அழியவில்லை. ஓரிடத்து அசுத்தத்தை இன்னோரிடத்துக்குத் தள்ளிவிடுவது வேறு, அதனை அசுத்தமே அல்லாத மற்றொரு பொருளாக மாற்றிவிடுவது வேறு என்பதை மனிதன் தெளிவாக உணர்ந்து, அந்த உணர்வைக் காரியத்தில் காட்டுவதற்கு மேலும் அரை நூற்றாண்டுக் காலம் பிடித்தது. அந்த மாற்றத்தைச் செய்யவல்ல ஜீவராசிகள் ஒவ்வொரு சாக்கடையிலும் முன்பே குடியிருந்தன என்பதும், அவற்றை நாம்தான் நாள்தோறும் வழித்தெடுத்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தோம் என்பதும் இந்த அத்தியாயத்தின் பொருள். கதை நிகழும் இடம், பருத்தித் தொழிலின் தலைநகரமாக விளங்கிய மான்செஸ்டர்.

கறுத்த ஆறுகள்

மான்செஸ்டரின் வழியே இர்வெல் என்ற ஆறு ஓடுகிறது. இர்க், மெட்லக் என்ற இரண்டு சிற்றாறுகள் அதில் வந்து கலக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தது முதல் இவற்றின் கரைகளில் வெளுப்புச் சாலைகளும், சாயச் சாலைகளும், துணிக்கு அச்சடிக்கும் சாலைகளும், தோல் பதனிடும் தொட்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டு எழுந்தன. மேலே உள்ள ஆலைக்காரர் அலசி விட்ட நீரையே கீழே உள்ளவர் இறைத்துத் தம் துணியை அலசினார்; அவர் விட்ட நீர் அதற்கும் கீழே உள்ளவருடைய பங்காயிற்று. அந்நகரத்தில் சில காலம் வசித்த பிரெடரிக் எங்கெல்ஸ், 1845-ல் வெளியிட்ட தம் நூலில், இர்க் ஆறு கரியாகக் கறுத்து நாறிக் கிடந்த கோலத்தை விவரித்திருக்கிறார். இவை போதா என்று, தெரு விளக்குக்கும் ஆலை விளக்குக்கும் வேண்டிய எரிவாயுவை நிலக்கரியைக் காய்ச்சி எடுத்த காஸ் தொழிற்சாலைகளும் வந்து சேர்ந்தன. நிலக்கரியை மூடிய வாலைகளில் வைத்துக் காய்ச்சும்போது வாயுவோடு தாரும், அம்மோனியா செறிந்த ஒருவகைத் திரவமும் வெளிப்படும். விலைபோகும் அம்மோனியாவைப் பிரித்துக்கொண்ட பிறகு எஞ்சிய திரவத்தில் பீனால் என்னும் கார்பாலிக் அமிலமும், கந்தகம் கலந்த சயனைடு உப்புக்களும் தங்கிவிடும். விலை போகாத அந்த விஷநீர் சாக்கடைக்குத்தான் சென்றது.

வட இங்கிலாந்து முழுவதுமே அக்காலத்தில் இந்நிலையில்தான் இருந்தது. நதிகள் அசுத்தமடைவதைப் பற்றி விசாரிக்க 1860-களில் அமைக்கப்பட்ட ராயல் கமிஷனுக்கு, வேக்ஃபீல்டு நகரத்தவர் ஒருவர் அனுப்பிய குறிப்பு, கால்டர் ஆறும் அவ்வூர்ச் சாக்கடையும் கூடுமிடத்து நீரை மைக்குப் பதிலாகத் தொட்டு எழுதப்பட்டிருந்தது. கமிஷன் அங்கத்தினர்கள் அந்தக் குறிப்பைத் தங்கள் அறிக்கையில் அப்படியே அச்சிட்டு வைத்தார்கள். பக்கம் பக்கமாகப் புள்ளிவிவரம் தருவதைவிட அந்த ஒரு கடிதம் அதிகாரிகளின் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கும். 1876-ல் நதி அசுத்தத் தடைச் சட்டம் நிறைவேறிற்று. ஆனால் தொழிற்சாலைகளின்மீது வழக்குத் தொடுப்பதற்கு ஸ்தல ஸ்தாபன போர்டாரின் சம்மதம் வேண்டும் என்ற ஒரு ஷரத்து அதில் இருந்தபடியால், ஆலை முதலாளிகள் அச்சட்டத்துக்கு அதிகமாக அஞ்சவில்லை. சாக்கடை நீரில் சுண்ணாம்பையும் இரும்பு உப்பையும் கலந்து கசடைப் படியவைத்து, தெளிந்ததாகக் கண்ணுக்குத் தோன்றும் நீரை ஆற்றில் விடுவதே அப்போது கைகண்ட முறையாகக் கருதப்பட்டது. படிந்த கசடு மலையாகக் குவிந்தது. கரைந்திருந்த விஷமோ நீரோடு போயிற்று.

கார்பாலிக் அமிலத்தின் கீர்த்தி

இந்த இடத்தில் கார்பாலிக் அமிலத்தின் பூர்வ கதையைச் சற்றே சொல்லவேண்டும். நிலக்கரித் தாரிலிருந்து அதனைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், மான்செஸ்டரில் ரசாயன ஆசிரியராக இருந்த கிரேஸ் கால்வெர்ட். கார்லைல் என்ற நகரத்தில் சாக்கடையின் நாற்றத்தை அடக்க அந்தப் பொருளைத் தூவினார்கள் என்ற செய்தியைக் கேள்வியுற்ற கிளாஸ்கோ நகரத்து ரணவைத்தியர் ஜோசப் லிஸ்டர், சாக்கடை அழுகுவதைத் தடுக்கும் மருந்து புண் அழுகுவதையும் தடுக்காதா என்று யோசித்தார். 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்த பதினோரு வயதுச் சிறுவன் ஒருவனுடைய காயத்தில் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். புண் சீழ் பிடிக்காமல் ஆறிற்று. ரணசிகிச்சையின் சரித்திரமே அன்றோடு திரும்பியது எனலாம்.

கிருமிகளைக் கொல்வதில் கார்பாலிக் அமிலத்துக்கு இணையில்லை என்ற கீர்த்தி உலகெங்கும் பரவிற்று. பாஸ்டர், காக் என்ற இரு விஞ்ஞானிகளும் ஒவ்வொரு கொடிய வியாதிக்கும் ஒவ்வொரு கிருமியைக் காரணமாகக் காட்டிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், கிருமி என்றால் சத்துரு என்பதற்கு மேல் பெரும்பாலோர் சிந்திக்கவில்லை. ஆகவே, சாக்கடை நீரைச் சுத்திகரிக்க வேண்டுமானால் அதிலுள்ள கிருமிகளையெல்லாம் முதலில் ஒழித்துக்கட்டவேண்டும் என்பதே அறிவாளிகளின் அபிப்பிராயமாகவும் இருந்தது. அந்த அபிப்பிராயத்தை முதலில் அசைத்தது ஒரு மணற்குழாய்.

மணற்குழாயில் ஒரு நிரூபணம்

ராயல் கமிஷனில் அங்கம் வகித்த ரசாயன நிபுணர் எட்வர்டு பிராங்க்லாந்து, உயரமான உருளைகளில் சரளையையும் பலவகை மண்ணையும் நிரப்பி, சாக்கடை நீரை இடைவிட்டு இடைவிட்டு அவற்றின் வழியே இறங்கச் செய்து பார்த்தார். இடைவிட்டு என்பதுதான் முக்கியம். நீர் வடிந்தபின் மண்ணின் இடுக்குகளில் காற்றுப் புக நேரம் கொடுத்தால் மட்டுமே அடியில் வந்த நீர் தெளிந்து நாற்றமற்று இருந்தது. ஓயாமல் நீரை ஊற்றினாலோ சில நாட்களில் மண் அடைத்துக்கொண்டு நாறிற்று. 1870-ல் அவர் வெளியிட்ட இந்த முடிவு பிற்காலத்து முறைகள் அனைத்துக்கும் வித்தாயிற்று என்றாலும், மண்ணுக்குள் நடப்பது காற்றுக்கும் அழுக்குக்கும் இடையே நிகழும் வெறும் ரசாயனச் சேர்க்கை என்றே அவர் நினைத்தார்.

1877-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஷ்லோஸிங், முண்ட்ஸ் என்ற இருவர் அந்த நினைப்பைச் சோதித்தார்கள். சுட்டுச் சுத்தம்செய்த மணலுடன் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து, ஒரு மீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழாயில் நிரப்பி, சாக்கடை நீரை மிக மெதுவாக அதில் இறங்கவிட்டார்கள். சுமார் இருபது நாட்கள் வரையில் ஒரு மாறுதலும் இல்லை. மேலே ஊற்றிய அம்மோனியா அப்படியே கீழே வந்தது. வெறும் ரசாயனச் சேர்க்கையாக இருந்தால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டுமல்லவா? இருபது நாட்களுக்குப் பின் அம்மோனியா குறைந்து, அதற்குப் பதிலாக நைட்ரேட் என்னும் வெடியுப்புச் சத்து தோன்றியது. நாளடைவில் அம்மோனியா அறவே மறைந்தது. அப்போது குழாய்க்குள் குளோரோபாரத்தின் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் உண்டாவது நின்றது. ஆவியை அகற்றிப் பல வாரம் காத்தும் அது மீளவில்லை. பிறகு நல்ல மண்ணைக் கரைத்த நீரில் சிறிதளவு ஊற்றினார்கள். சில நாட்களில் வேலை மீண்டும் தொடங்கியது. குளோரோபாரத்துக்குக் கட்டுப்பட்டு அடங்குவதும், மண்ணிலிருந்து மறுபடி குடியேறிப் பெருகுவதும் உயிருள்ள ஒன்றின் குணமேயன்றி வேறில்லை. 1890-ல் ரஷ்யரான ஸெர்கேய் வினொகிராட்ஸ்கி ஜூரிச் நகரில் அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்து, ஒரு சாரார் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்ற, மற்றொரு சாரார் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றி முடிக்கிறார்கள் என்பதையும் விளக்கினார்.

அமெரிக்காவில் மெரிமாக் ஆற்றங்கரையில், அதுவும் ஒரு துணி ஆலை நகரமான லாரன்ஸில், மாசாசூஸெட்ஸ் சுகாதார போர்டார் 1887 முதல் நடத்திய பரிசோதனைகள் இந்த உண்மையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. மண்ணே வேண்டாம், வெறுங்கற்கள் போதும், கற்களின்மேல் படரும் வழவழப்பான ஜீவப் படலம்தான் வேலை செய்கிறது என்று அங்கே தெளிந்தார்கள். இங்கிலாந்தில், லண்டன் நகரசபையின் ரசாயன நிபுணர் வில்லியம் டிப்டின், கிருமிகளைக் கொல்வதை விடுத்து அவற்றை வளர்க்கவேண்டும் என்று வெளிப்படையாக வாதாடி, சாக்கடை நீரைத் தேக்கி வடிக்கும் கற்படுகைகளை அமைத்துக் காட்டினார்.

இரண்டு தந்தையரின் புதல்வர்கள்

வீட்டுச் சாக்கடைக்கு இதெல்லாம் சரி. ஆலைக் கழிவும் காஸ் தொழிற்சாலைக் கழிவும் கலந்த மான்செஸ்டர் சாக்கடையில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. டேவிஹுல்ம் என்ற இடத்தில் 1894-ல் மான்செஸ்டர் நகரசபை அமைத்த சுத்திகரிப்பு நிலையம் அப்போது ரசாயன முறையில்தான் நடந்தது; படிந்த சேற்றைக் கப்பலேற்றிக் கடலில் கொட்டினார்கள். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று ஆராய நகரசபை நியமித்த நிபுணர்கள் மூவரில் ஒருவர் பெர்சி பிராங்க்லாந்து, முன்னே கூறிய எட்வர்டு பிராங்க்லாந்தின் புதல்வர்; மற்றொருவர் இளைய வில்லியம் பெர்கின், 1856-ல் நிலக்கரித் தாரிலிருந்து முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்து, சாயத் தொழிலின் போக்கையே மாற்றிய பெர்கினின் புதல்வர். தந்தையர் இருவரில் ஒருவர் ஆற்றில் கலக்கும் சாயத்துக்குத் தோற்றுவாய், மற்றவர் ஆற்றைக் காக்க முனைந்தவர். புதல்வர்கள் ஒரே மேஜையில் அமர்ந்து, மூன்றாமவரான எஞ்சினீயர் பால்ட்வின் லேதமுடன் சேர்ந்து, 1899-ல் ஓர் அறிக்கை தந்தார்கள். மான்செஸ்டரின் கழிவுநீரில் ஆலைச் சரக்கு கலந்திருந்தபோதிலும் அதனைப் பாக்டீரியா முறையில் சுத்திகரிப்பது சாத்தியமே என்பது அதன் சாரம். காஸ் தொழிற்சாலைத் திரவம் மிகுதியாகக் கலந்த சாக்கடை நீரையும் பாக்டீரியாவைக் கொண்டு சுத்திகரிப்பது பற்றி, 1907-ல் பெர்சி பிராங்க்லாந்து தம் சகாவுடன் சேர்ந்து தனியாகவும் எழுதினார்.

ஆயினும் அந்தக் காரியத்தைச் செய்வது எந்தக் கிருமி என்று பிடித்துக் காட்டவேண்டியிருந்தது. டேவிஹுல்ம் நிலையத்தோடு நெருங்கிய தொடர்புடைய ரசாயன நிபுணர் கில்பர்ட் ஃபவுலரும், அங்கே பணியாற்றிய எட்வர்டு ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவரும் அதனைச் செய்தார்கள். பீனாலை ஆக்ஸிகரணம் செய்யும் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்து, அதன் செயலை விளக்கி, ராயல் சொஸைட்டியின் ஏட்டில் 1911-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை அதிகம் பேசப்படுவதில்லை. என் கருத்தில் அது இந்த வரலாற்றின் மையமான கட்டுரைகளுள் ஒன்று. கிருமிகளைக் கொல்வதற்கென்றே மருத்துவமனைகளில் வைத்திருந்த திரவத்தை உணவாகக்கொண்டு, அதனைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைத்துவிடும் கிருமிகள் இயற்கையில் உண்டு என்பது அதனால் ஐயமறத் துலங்கிற்று. அவற்றை எந்தத் தூர தேசத்திலிருந்தும் தருவிக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கிருமிகளைப் பீனால் கலந்த நீருக்குச் சிறிது சிறிதாகப் பழக்கினால், தாங்கமாட்டாதவை அழிந்துபோக, தாங்குவதோடு அதனை உண்ணவும் வல்ல சில வகைகள் எஞ்சிப் பெருகுகின்றன. அளவை மெல்ல உயர்த்தினால் அந்தக் கூட்டமும் மெல்லத் தேறுகிறது. ஒரே நாளில் ஏராளமாகக் கொட்டினால் கூட்டம் முழுதும் மாண்டுபோகிறது. தொழிற்சாலைக் கழிவுநீரை நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிக்கும் கலையின் முதற்பாடம் இதுதான். இன்றளவும் அந்தப் பாடம் மாறவில்லை.

ஐந்து வாரமும் ஒரு நாளும்

கற்படுகைகளுக்குப் பெரிய நிலப்பரப்பு வேண்டும்; நகரமோ நாள்தோறும் வளர்ந்தது. அதனோடு, 1912-ல், கழிவுநீரை அகற்றுவது பற்றி ஆராய அமைந்த மற்றொரு ராயல் கமிஷன் தன் எட்டாவது அறிக்கையில் ஒரு கண்டிப்பான அளவை விதித்தது: ஆற்றில் விடும் நீரில் மிதக்கும் கசடு பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேற்படலாகாது, ஐந்து நாட்களில் அது கவர்ந்துகொள்ளும் பிராணவாயு 20 பங்குக்கு மேற்படலாகாது. அந்த ஐந்து நாள் சோதனையே சில மாறுதல்களுடன் இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. இந்த அளவை எட்டுவது எப்படி என்ற கவலையோடிருந்த ஃபவுலர், அதே ஆண்டில் நியூயார்க் துறைமுகத்தின் அசுத்தம் சம்பந்தமாக அமெரிக்கா சென்றபோது லாரன்ஸ் நிலையத்துக்கும் போனார். அங்கே கிளார்க், கேஜ் என்ற இருவர் சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்தி நடத்திவந்த பரிசோதனைகளைக் கண்டார். ஊர் திரும்பியதும் அவருக்குத் தோன்றிய முதல் யோசனை, ஆற்றல் மிக்க ஒரே ஒரு கிருமியைத் தேர்ந்து அதன் கையில் வேலையை ஒப்படைக்கலாம் என்பது. நிலக்கரிச் சுரங்கத்து நீரிலிருந்து மம்ஃபோர்டு என்ற ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்த, இரும்பைப் படியவைக்கும் பாக்டீரியா ஒன்றுக்கு எம்-7 என்று பெயரிட்டு, அதனுடன் சிறிது இரும்பு உப்பையும் சேர்த்துக் காற்றூதிப் பார்த்தார்கள். நீர் தெளிந்ததுதான், ஆனால் நிலைத்த வெற்றி வேறு வழியில் வந்தது.

ஆர்டெர்னும் லாக்கெட்டும் கண்ணாடிப் புட்டிகளில் மான்செஸ்டரின் சாக்கடை நீரை நிரப்பி, வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்று அவற்றைப் பழுப்புக் காகிதத்தால் மூடி, குழாய் வழியே இடைவிடாமல் காற்றைச் செலுத்தினார்கள். அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாறுவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரம் பிடித்தது. ஐந்து வாரம் நீரைத் தேக்கிவைக்க எந்த நகரத்திலும் இடம் கிடையாது. ஆகையால், முன்பு காற்றூதிப் பார்த்தவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் கைவிட்டுப் போனார்கள். புட்டியின் அடியில் படிந்த சேற்றை அவர்கள் கழிவென்று கருதி ஒவ்வொரு தடவையும் கழுவிக் கொட்டினார்கள். இவ்விருவரோ தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, சேற்றை அப்படியே புட்டியில் நிறுத்தி, அதன்மேல் புதிய சாக்கடை நீரை ஊற்றினார்கள். இரண்டாம் முறை காலம் குறைந்தது. மூன்றாம் முறை மேலும் குறைந்தது. பலமுறை இப்படிச் செய்து, நாலில் ஒரு பங்கு அளவுக்குச் சேறு சேர்ந்தபோது, ஐந்து வார வேலை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் முடிந்தது. பாலைத் தயிராக்க முந்தின நாளைய தயிரில் ஒரு கரண்டி மிச்சம் வைக்கும் எந்தத் தமிழ்ப் பெண்மணிக்கும் இதில் வியப்பு ஏதும் இராது. பெரிய பெரிய நிபுணர்கள் முப்பது ஆண்டுகளாகத் தேடியும் கைக்கு எட்டாமல் இருந்தது அந்த மிச்சம் வைக்கும் புத்தி ஒன்றுதான்.

1914-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ஆம் தேதி மாலை, மான்செஸ்டர் கிராண்ட் ஹோட்டலில் ரசாயனத் தொழிற் சங்கத்தார் கூடிய கூட்டத்தில், 'வடிகட்டிகளின் உதவியின்றிச் சாக்கடை நீரை ஆக்ஸிகரணம் செய்யும் பரிசோதனைகள்' என்ற தலைப்பில் அவர்கள் தங்கள் கட்டுரையைப் படித்தார்கள். அந்தச் சேற்றுக்கு 'உயிரூட்டிய சேறு' என்ற பொருள்படும் பெயரை இட்டவர்களும் அவர்களே. அதே ஆண்டில் சால்ஃபோர்டில் தொட்டி கட்டிப் பார்த்தார்கள். 1916-ல் வூஸ்டர் நகரத்தில், நீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் ஓயாமல் வெளியேறும்படியான முழு அளவு நிலையம் இயங்கத் தொடங்கியது. மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே இவ்வளவும் நடந்தன.

சேற்றுக்குள் ஒரு சமுதாயம்

அந்தச் சேற்றில் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், ஒரே இனத்தவர் என்று சொல்லத்தக்க எதுவும் இராது. பாக்டீரியா கோடிக்கணக்கில் வழவழப்பான பசையால் ஒட்டிக்கொண்டு சிறு சிறு திரள்களாக மிதக்கும். அவற்றின் விளிம்பில், காம்பின்மேல் மணியைக் கவிழ்த்தாற்போன்ற வோர்டிஸெல்லா என்னும் ஓரணு உயிர்கள் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். கரைந்த அழுக்கைப் பாக்டீரியா உண்ணும். திரளில் சேராமல் தனியே நீந்தும் பாக்டீரியாவை ஓரணு உயிர்கள் உண்ணும். காற்றூதுவதை நிறுத்தி நீரை அசையாமல் விட்டால் திரள்கள் கனத்து அடியில் இறங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். இறங்கிய சேற்றில் ஒரு பங்கைத் திரும்பவும் தொட்டியின் தலைப்புக்கு அனுப்ப வேண்டும். மிகுந்ததை அப்புறப்படுத்த வேண்டும். நல்ல சேறு பழுப்பு நிறமாயும் ஈர மண்ணின் வாசனையோடும் இருக்கும்; காற்றுக் குறைந்தால் கறுத்து நாறும். நூல் நூலாக வளரும் பாக்டீரியா மேலோங்கிவிட்டால் சேறு உப்பிப்போய் அடியில் இறங்காமல், தெளிந்த நீரோடு கரைகடந்து ஓடிவிடும். இதனை முன்கூட்டியே அறிய, சிகாகோவைச் சேர்ந்த மோல்மன் 1934-ல் ஒரு குறியீட்டை வகுத்தார். ஒரு லிட்டர் அளவுக்குழாயில் சேற்றுநீரை ஊற்றி, அரைமணி நேரம் அசையாமல் வைத்து, எவ்வளவு இறங்கிற்று என்று பார்ப்பதே அதன் ஆதாரம். சுத்திகரிப்பு நிலையத்து ஊழியர்கள் இன்றும் காலையில் செய்யும் முதற்காரியங்களுள் அது ஒன்று.

தொழிற்சாலைக் கழிவுநீருக்கு இந்த முறையைப் பிரயோகித்தபோது புதிய சிக்கல்கள் தோன்றின. வீட்டுச் சாக்கடையில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாமாகவே இருக்கும்; ஆலைக் கழிவிலோ அவை பெரும்பாலும் இரா. உண்ணக் கரிச்சத்து எவ்வளவு இருந்தாலும், உடல் கட்டுவதற்கு வேண்டிய இவ்விரண்டும் இல்லாவிட்டால் பாக்டீரியா பெருகமாட்டா. உயிர்முறையில் கவரப்படும் பிராணவாயு 100 பங்கென்றால் நைட்ரஜன் 5 பங்கும் பாஸ்பரஸ் 1 பங்கும் வேண்டும் என்ற கணக்கு பின்னாளில் வழக்குக்கு வந்தது. பல ஆலைகளில் கழிவுநீரில் யூரியாவையும் பாஸ்பேட்டையும் கொட்டுவது இதன் பொருட்டே. அமெரிக்காவில் மிஷிகன் மாகாணத்து மிட்லண்ட் நகரில் டௌ ரசாயனக் கம்பெனியார் 1930-களின் பிற்பகுதியில் பீனால் கழிவுக்கென்றே பாக்டீரியா நிலையம் அமைத்தார்கள். பீனால் மிகச் சொற்பமாகக் கலந்த ஆற்றுநீரில் குளோரினைச் சேர்த்தாலும் குடிக்கமுடியாத மருந்து நெடி கிளம்பும். ஆகவே ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள நகரங்கள் பீனாலைப் பொறுப்பதே இல்லை. கார்பாலிக் அமிலம் பாக்டீரியாவுக்கு உணவாகும் என்று மான்செஸ்டரில் தெளிந்த உண்மை, கால் நூற்றாண்டுக்குப் பின் கடல் கடந்து ஒரு பெரிய ஆலையின் அன்றாட அலுவலாயிற்று.

பீர் வடிசாலைகளும் தோல் பதனிடும் சாலைகளும் நிறைந்த மில்வாக்கி நகரத்தில் இந்த முறை ஒரு விசித்திரமான வழக்குக்கும் காரணமாயிற்று. 1925-ல் அங்கே மிகப் பெரிய நிலையம் தொடங்கி, மறு ஆண்டு முதல் மிகுந்த சேற்றை உலர்த்தி மில்ஆர்கனைட் என்ற பெயரில் உரமாக விற்கலானார்கள். முறையின் காப்புரிமை தங்களுடையது என்று ஒரு கம்பெனி வழக்குத் தொடுத்து வெற்றியும் பெற்றது. ஆனால் நிலையத்தை மூடச் சொல்லி ஆணையிட்டால் நகரத்துச் சாக்கடை முழுதும் மிஷிகன் ஏரியில் பாயும் என்பதை எண்ணிய மேல் நீதிமன்றம், 1934-ல் அவ்வாறு தடையுத்தரவு பிறப்பிக்க மறுத்துவிட்டது. மனிதனுடைய உரிமைச் சட்டத்துக்குள் அடங்காத ஒரு தேவையை அந்தச் சேறு பூர்த்திசெய்துகொண்டிருந்தது.

பெங்களூரில் தொடர்ந்த விசாரணை

ஃபவுலர் 1916-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். இந்தியாவையே தம் இருப்பிடமாக்கிக்கொண்டு 1953-ல் பெங்களூரிலேயே காலமானார். கழிவில் அடங்கிய நைட்ரஜனை வயலுக்குத் திருப்ப வேண்டும் என்பதை அவர் கடைசி வரையில் வற்புறுத்தி வந்தார். அவர் விதைத்த ஆர்வம் அக்கழகத்தில் அற்றுப்போகவில்லை. 1942-ல் எஸ். ஸி. பிள்ளையும் வி. சுப்பிரமணியனும் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு சிறு கட்டுரை எழுதி, உயிரூட்டிய சேற்றின் பெருமை முழுவதும் பாக்டீரியாவுக்கே உரியதன்று, அதில் வாழும் ஓரணு உயிர்களுக்கும் முக்கியப் பங்கு உண்டு என்று வாதித்தார்கள். சுப்பிரமணியன் பிற்காலத்தில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டராக விளங்கியவர். மேல்நாட்டார் அப்போது இந்த வாதத்தை முற்றிலும் ஏற்கவில்லை. ஆனால் 1960-களில் இங்கிலாந்தில் நடந்த சோதனைகள், ஓரணு உயிர்கள் இல்லாத சேற்றிலிருந்து வெளிவரும் நீர் கலங்கியே நிற்கிறது என்று காட்டின. அழுக்கை முதலில் சிதைப்பது பாக்டீரியா, நீரைத் தெளிய வைப்பது அவற்றை உண்போர் என்று இரு தரப்புக்கும் இடமளித்து வழக்கு முடிந்தது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. கரிச்சேர்க்கையால் ஆன பொருளையும் அம்மோனியா போன்றவற்றையும்தான் இந்த நுண்ணுயிர்கள் உண்டு மாற்றும். குரோமியம் முதலிய உலோகங்கள் சேற்றிலேயே தங்கி, அந்தச் சேற்றை வயலுக்கு ஆகாததாக்கிவிடும். சமையலுப்பைத் தின்று தீர்க்கும் கிருமியோ கிடையாது. சாயத்தின் நிறம் போனாலும் உப்பு போவதில்லை என்பதை நொய்யல் ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயச் சாலைகளை மூட உத்தரவிட்டதன் பின்னணியில் நின்றது அந்த உப்பேயாகும். ஆகவே, ஆலைக்குள் எதைக் கலக்கிறோம் என்பதில் கவனமில்லாதவருக்கு ஆலைக்கு வெளியே உள்ள தொட்டி ஒருநாளும் பரிகாரம் செய்யமாட்டாது. எதனைப் புதிதாகப் படைப்பது என்று தேடிய காலம் வரையில் இந்தத் துறையில் முன்னேற்றம் இல்லை; இருக்கும் ஜீவராசிகளுக்குக் காற்றும் காலமும் கொடுத்து, அவற்றைக் கொட்டாமல் நிறுத்திவைக்கத் தெரிந்துகொண்ட நாள் முதல்தான் காரியம் நடந்தது. மான்செஸ்டர்ப் புட்டிகள் ஆலை முதலாளிக்கும் நகரசபைக்கும் ஒருங்கே கற்பித்த பாடம் இதுவே.

காற்றையே விரும்பாத மற்றொரு கூட்டம் உண்டு. மூடிய இருட்டுத் தொட்டியில் வாழ்ந்து, அழுக்கைத் தின்று, எரியும் வாயுவை வெளியிடும் அந்த நுண்ணுயிர்களைக் கொண்டு, 1895-ல் எக்ஸிட்டர் நகரத்து சர்வேயர் டொனால்டு காமரன் தொட்டி கட்டிய கதையையும், அங்கே பிறந்த வாயு விளக்காக எரிந்த கதையையும், அதே வித்தை பம்பாய் மாதுங்கா வரையில் வந்துசேர்ந்த விதத்தையும் அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)